வீங்காத இதயங்கள்

தங்கையும் தங்கை கணவனும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய அன்று பெரியவள் வழியனுப்பப் போகவில்லை. அவளுடைய மீன்குஞ்சுகளுக்கு அன்று இரண்டாம் நாள்.

"கூடப் பொறந்தவ போறா. மீன் எங்கேயும் போயிடாது" என்றாள் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே.

"இன்னிக்குத்தாம்மா அதுங்களுக்கு இதயம் சரியாத் தெரியும்."

"எங்களுக்கு இருக்கிறது உனக்கு என்னிக்குத் தெரியும்?"

பெரியவள் மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர். விரல் நீளம்கூட வராத வரிக்குதிரை மீன்களை வைத்துக்கொண்டு, இதயத்தைக் கட்டுவது எந்த மரபணு என்று பார்ப்பது அவள் வேலை. அந்த மீனின் கரு கண்ணாடி போல இருக்கும். அறுக்காமலே உள்ளே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். அவள் டாக்டர் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் முதலில் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தார்கள். மீன் டாக்டர் என்று தெரிந்ததும், வீட்டுத் தொட்டியில் மீன் ஏன் செத்தது என்று கேட்டு வந்தார்கள். அதற்கும் அவளிடம் பதில் இல்லை.

தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை அதே ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இளையவன். கல்யாணத்துக்கு முன்பே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பிறகு மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். ஒரு மரபணுவின் செய்தியைத் தடுக்கும் மருந்தைக் கண்ணாடி ஊசியால் மீன் முட்டைக்குள் செலுத்தினால், குஞ்சின் இதயம் பலூன் போல வீங்குகிறது. ஆகவே அந்த மரபணு இல்லாவிட்டால் இதயம் இல்லை. இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது.

பெரியவளுக்கு ஊசி மட்டும் போதவில்லை. புதிதாக வந்திருந்த மரபணுக் கத்தரியால் அந்த மரபணுவையே வெட்டி, வாலில் துளி நறுக்கிச் சோதித்து, மரபணு வெட்டுப்பட்ட மீன்களை ஜோடி சேர்த்திருந்தாள். கணக்குப்படி குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்கு, அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வெட்டுப்பட்டதே வந்து, இதயம் வீங்கியிருக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டான்.

"அக்கா, வரிசையில நிக்கிறோம். வீங்கிச்சா?"

"வீங்கலை."

"ஒண்ணுகூடவா?"

"எல்லாம் கல்லு மாதிரி திடமா இருக்கு."

"உங்க கத்தரி வெட்டியிருக்காது."

"வெட்டியிருக்கு, பார்த்துட்டேன். உன் மருந்துதான் அதிகமாப் போயிருக்கும்."

விமானத்தில் ஏறும்போது போனை அணைக்கச் சொல்வார்கள். இறங்கிய பிறகும் அவன் கூப்பிடவில்லை.

அவள் இன்னொரு இடத்தில் வெட்டிப் பார்த்தாள். வேறொரு குடும்பத்து மீனில் வெட்டிப் பார்த்தாள். மரபணு சுக்குநூறாகக் கிடந்தது; மீன்கள் சாப்பிட்டு, நீந்தி, குஞ்சுகளுக்குப் பாட்டன் பூட்டன் ஆகிக்கொண்டிருந்தன. இத்தனை ஆரோக்கியத்தைக் கண்டு இத்தனை வருத்தப்பட்ட ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

இதைக் கட்டுரையாக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தங்கை கூப்பிட்டாள்.

"அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகலைக்கா. கொஞ்ச நாள் பொறுத்தா என்ன?"

"இந்த மரபணுவை நம்பி ஊரெல்லாம் வேலை செய்றாங்கடி. தப்புன்னா அவங்க வருஷமும் சேர்ந்து போகும்."

"அவங்களா உனக்குத் தங்கச்சி?"

பெரியவள் ஒரு வாரம் கட்டுரையை அனுப்பாமல் வைத்திருந்தாள். பிறகு அனுப்பினாள். முந்தைய கட்டுரையில் தன் பெயரும் இருந்ததால், தன்னைத்தானே மறுத்த பெருமையும் அவளுக்கே சேர்ந்தது. பதவி உயர்வுக் குழுவில் ஒருவர், "போன தடவை சொன்னதை நம்பறதா, இந்தத் தடவை சொன்னதை நம்பறதா?" என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததால் உயர்வு கிடைக்கவில்லை.

மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமாகவில்லை. எங்கோ ஒரு சிறு கல்லூரிக்கு மாறிப் போனார்கள். தங்கை அம்மாவோடு மட்டும் பேசினாள். அம்மா போனை வைத்துவிட்டு, "அவளுக்கு முதுகு வலியாம்" என்று சுவரிடம் சொல்வாள். "டாக்டரைப் பார்க்கச் சொல்லும்மா" என்று பெரியவளும் சுவரிடம் சொல்வாள்.

"சொத்துக்காகப் பேசலைன்னா வெளியே சொல்லிக்கலாம்" என்பாள் அம்மா. "மீனோட நெஞ்சு வீங்கலைன்னு பேசிக்கலைன்னா எவ நம்புவா?"

ஆறு வருடம் கழித்து, ஒரு மதியம், பெரியவள் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது.

"அக்கா, உங்க மீனை வேற ஒருத்தர் பேர்ல வரவழைச்சேன். நேரா கேக்க மூஞ்சி இல்லை. அதுக்கு என் மருந்தைப் போட்டேன். வீங்கலை. சாதா மீனுக்கு அதே அளவு போட்டேன். வீங்கிடுச்சு. அப்போ உங்க கத்தரியும் வெட்டியிருக்கு, என் மருந்தும் அதிகமாகலை. அந்த மரபணுவுக்கு அதே ஜாடையில ஒரு தங்கச்சி மரபணு இருக்கு. அக்கா உடைஞ்சு போனா தங்கச்சிக்குத் தகவல் போயிடுது. வந்து அத்தனை வேலையையும் இழுத்துப் போட்டுக்குறா. நான் மருந்து போட்டு அக்கா வாயை மட்டும் கட்டிட்டேன். தங்கச்சிக்குத் தகவலே போகலை. இதை வீட்டுல உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினா. அப்புறம், அங்கே இப்போ மணி என்னன்னு கேட்டா. சாயங்காலம் கூப்பிடுவா. திட்டினா கேட்டுக்கோங்க. கட்டுரையில யார் பேர் முதல்லங்கிற சண்டையை நாம அப்புறம் போட்டுக்கலாம்."