கன்னியப்பன் சாரின் தோளில் ஒரு தட்டு

போன வாரம், கையில் இரும்புத்தகடு கிழித்து வந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் சாரின் மகனிடமிருந்து போன் வந்தது. "அப்பா போய்ட்டாரு சிஸ்டர். தூக்கத்துலயே." கட்டைப் போட்டு முடித்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன். எந்த வேலையையும் பாதியில் விடுவது சாருக்குப் பிடிக்காது.

வல்லம் வடகாலில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நான் செவிலியர். பென்னலூர் ஹவில்தார் கன்னியப்பன் அவர்கள் எங்கள் கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவர். வங்காளதேசப் போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த வீரர்களில் ஒருவர். ஆனால் இங்கே பழகியவர்களுக்கு அவர், யாராயிருந்தாலும் கார்டு இல்லாமல் உள்ளே விடாத மனிதர், அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் என்னையே நிறுத்தினார். தினமும் பார்க்கிற முகம்தானே என்று நான் எகிறினேன். "மூஞ்சி தெரியும் சிஸ்டர். கார்டு எங்க?" என்றார். ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. எனக்கும் வீம்பு குறைச்சல் இல்லை.

அந்த வீம்பை உடைத்தது ஒரு டிசம்பர் மாலை. கேட்டில் கன்டெய்னர் லாரிகளின் சத்தம் தாங்கவில்லை, உங்கள் அறையில் ஒரு போன் பேசிக்கொள்ளலாமா என்று வந்து நின்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். பிறகு விறைப்பாக நின்றுகொண்டார். "நம்பர் டென், ஓகே" என்றது ஒரு வயதான குரல். "நம்பர் நைன், ஓகே" என்றது இன்னொன்று. அடுத்து யாரோ ஒரு பெயரை மட்டும் சொன்னார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுபடி எண்கள் இறங்கி வந்து, "நம்பர் ஃபைவ், ஓகே" என்றதும், இவர் "நம்பர் ஃபோர், ஓகே" என்று போட்ட சத்தத்தில் மருந்து பீரோ அதிர்ந்தது. இந்த வயதில் என்ன சார் ஏலம் விடுகிறீர்கள் என்று கேலி செய்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குதிக்கும் முன் விமானத்தில் வரிசையாக நிற்பார்களாம். கடைசியில் நிற்பவர் தொடங்க வேண்டும். முன்னால் நிற்பவருடைய முதுகிலுள்ள பாராசூட் பையையும் வார்களையும் கையால் தொட்டுப் பார்த்து, தன் எண்ணைச் சொல்லி, அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டு. தட்டு வாங்கியவர் தனக்கு முன்னால் நிற்பவரைப் பார்க்க வேண்டும். இப்படியே கதவு வரைக்கும். "நம்ம முதுக நாம பாக்க முடியாது சிஸ்டர். பின்னாடி கீறவன் தட்டுனாத்தான் குதிக்கத் தைரியம் வரும்." குதித்த அந்த நாளில் வருஷா வருஷம் அந்தப் பத்துப் பேரில் உயிரோடு இருப்பவர்கள் போனில் வரிசை கட்டுகிறார்கள். எட்டாம் எண்காரர் போரிலிருந்து திரும்பவே இல்லை. அவர் முறை வரும்போது பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக யாரும் ஓகே சொல்லக் கூடாது.

ஒரு சுதந்திர தினத்தன்று கம்பெனியில் அவருக்குச் சால்வை போட்டார்கள். பின்னால் ஃப்ளெக்ஸில், 'எதிரி மண்ணில் தன்னந்தனியாகக் குதித்த மாவீரர்'. மைக்கைக் கையில் வாங்கியவர், நான் தனியாகக் குதிக்கவில்லை என்று தொடங்கி, பத்தாம் எண்ணிலிருந்து ஒவ்வொரு பெயரையும் ஊரையும் சொல்ல ஆரம்பித்தார். எட்டாம் எண்காரரின் பெயரைச் சொன்னதும் நிறுத்தினார். பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்து எல்லாரும் ஊக்கமாகக் கை தட்டினார்கள். அவர் மைக்கை வைத்துவிட்டு கேட்டுக்குப் போய்விட்டார். தட்டியவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் ஷிப்ட் முடிந்து பென்னலூரில் அவர் வீட்டுக்கு நான் போவேன். மனைவி காலமாகிவிட்டார், மகன் ஓசூரில். குரல்கள் குறைந்துகொண்டே வந்தன, பெயர்கள் கூடின. கடைசியில் கோலாப்பூரில் இருந்த ஐந்தாம் எண்காரரும் இவரும்தான் மிச்சம். இரண்டு கிழவர்கள் எட்டுப் பெயர்களைச் சொல்லி, எட்டு முறை சும்மா இருந்து, தங்கள் எண்ணைச் சொல்லிக்கொண்டார்கள். போன மழைக்காலத்தில் கோலாப்பூர்க்காரரும் போய்ச் சேர்ந்தார்.

போன டிசம்பரில் நான் போனபோது பாராசூட் படையின் மெரூன் தொப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேசைமேல் போன், யாரையும் கூப்பிடாத போன். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்தாம் எண்காரரின் பெயரைச் சொல்லி நிறுத்தியவர், நிறுத்தியபடியே நின்றார். அடுத்தது அவருடைய எண். பின்னாலிருந்து தட்டு விழாமல் அதை எப்படிச் சொல்வார்? என்னால் பார்க்க முடியவில்லை. நான் தட்டுகிறேன் சார் என்று எழுந்தேன்.

"கை வெச்சிப் பாக்காம தட்டக் கூடாது சிஸ்டர். என் முதுகுல இன்னா கீது, பாக்கறதுக்கு?"

தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "சாவறதுக்கு பயமில்ல. நானும் பூட்டா இந்தப் பேருங்கள யாரு சொல்லுவா?" என்றார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நான்காம் எண் சொல்லப்படவே இல்லை.

இறுதி ஊர்வலத்துக்குச் சொந்தக்காரர்களும் பழைய கேட் செக்யூரிட்டிகள் சிலரும் வந்திருந்தார்கள். பாடையில் கிடத்திக் கயிறு கட்டி, நெஞ்சின் மேல் தொப்பியை வைத்தார் மகன். தூக்கப் போகும் நேரத்தில், ஒரு நிமிஷம் என்று முன்னால் போய் நின்றேன். பத்தாம் எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் சும்மா இருந்தேன். இத்தனை வருஷம் கேட்டவளுக்கு மனப்பாடம் ஆகாதா? ஐந்தாம் எண்காரரின் பெயர் வரைக்கும் சொல்லி முடித்தேன். பிறகு குனிந்து கயிற்றைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கையால் தொட்டுப் பார்த்தேன். இடுப்பருகே ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. அதை இறுக்கச் சொல்லி, இறுக்கியதையும் தொட்டுப் பார்த்தேன். இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பார்த்துவிட்டேன் சார், எல்லாம் சரியாக இருக்கிறது. அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, போன டிசம்பரில் பாக்கி நின்ற அவர் எண்ணைச் சொன்னேன்.

நம்பர் ஃபோர், ஓகே.