குடும்ப அலுவல் காரணமாகக் கடை பூட்டு

உள்துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில் எனக்கொரு கடை இருக்கிறது. படகு என்ஜின் திருத்துவேன், உதிரிப்பாகமும் விற்பேன். கடைக்கு முதலாளி நான்தான். ஆனால் அந்த முதலாளி எனக்கு லீவு தரமாட்டான். அவனைப் போல ஈவிரக்கமில்லாத ஆளை நான் கண்டதில்லை. தினமும் காலையில் அவனுடைய முகத்துக்குத்தான் சவரம் செய்ய வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் சிறுதொழில்காரருக்கென்று கருத்தரங்கு வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றபடியால் போனேன். கொழும்பிலிருந்து வந்த இளம் பயிற்றுநர் பலகையில் ஒரு தராசு கீறி, ஒரு தட்டில் வேலை, மற்றத் தட்டில் குடும்பம், மேலே ‘சமநிலை’ என்று எழுதினார். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த கோழிக்கடைக்காரர், “தட்டில பெருவிரல் வைக்கிறதைப் பற்றி இவர் ஒண்டும் சொல்லேல்லையே” என்று என் காதுக்குள் கேட்டார். சிரித்ததில் பாதி விரிவுரை போய்விட்டது. மிஞ்சியது ஒன்றுதான். கடை பூட்டுவதற்குக் காரணம் சொல்லி யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், ‘குடும்ப அலுவல்’ என்று இரண்டு சொல் எழுதினால் போதும், வாடிக்கையாளர் மதிப்பார்கள் என்றார் அந்தப் பிள்ளை. நான் நம்பினேன்.

நம்ப வேண்டிய தேவையும் இருந்தது. என் ஒரே மகள் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போக இருந்தாள். அவள் வளர்ந்ததில் பெரும்பகுதியை நான் போனில்தான் கேட்டேன். “அப்பா, நான் போறதுக்கு முதல் ஒரு கிழமை கடையைப் பூட்டுங்கோ” என்று அவள் கேட்டபோது ஓம் என்று சொன்னேன். மீன் நன்றாகப் படுகிற காலம். ஒரு கிழமை சுருங்கிச் சுருங்கி, அவள் வெளிக்கிடும் அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

அவள் கோபப்படவில்லை. “சரி. கட்டுநாயக்கா எயர்போர்ட்டுக்குப் போற வானில எனக்குப் பக்கத்து சீட் உங்களுக்கு. ஓடுற வானுக்குள்ள இருந்து உங்களுக்கு ஓட ஏலாதுதானே. உங்களோட ஒரு கதை இருக்கு” என்றாள்.

“என்ன கதை, இப்ப சொல்லன்.”

“இப்ப சொன்னா ஆராவது என்ஜினோட வருவினம். வானில சொல்லுறன்.”

முதல்நாள் பின்னேரம் ஒரு வெள்ளைத்தாளில் ‘குடும்ப அலுவல் காரணமாக இன்று கடை பூட்டு’ என்று கறுப்பு மையால் எழுதினேன். மதிப்பு வரட்டுமென்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். கடல் காற்றுக்கு டேப் நிற்காது. ஆகவே, என்ஜின் துடைக்க வைத்திருந்த வெள்ளைத்துணியில் புதிதாக ஒரு முழம் கிழித்து, தாளை ஷட்டரில் கட்டினேன். மிஞ்சிய துணி தொங்கியது. காற்றில் அழகாக ஆடியது. திரும்பிப் பார்த்து என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் பூட்டிய கடையில் வெள்ளைத்துணி ஆடினால் அதற்கு என்ன பொருள் என்று குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் சமநிலையில் இருந்தேன்.

காலையில் வாசலில் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று வந்து நின்றது. பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கதிரைகள், மேலே பந்தலுக்குச் சுருட்டிய படங்கு. எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் வெள்ளை வேட்டியுடன் இறங்கி, என் இரண்டு கையையும் பிடித்தார்.

“தம்பி, ஆர்? மாமியே?”

மனைவியின் தாயான மாமி உள்ளேயிருந்து தேத்தண்ணிக் கோப்பையுடன் வந்து, “என்னைத்தானோ தேடினவர்?” என்றார். செயலாளரின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்ததாக மாமி இன்றைக்கும் சாதிக்கிறார்.

“ஒருத்தரும் சாகேல்ல ஐயா. மகள் வெளிநாடு போறா. அதுதான் பூட்டினனான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒருத்தரும் சாகாமல் நீர் கடை பூட்டுவீர் எண்டு ஆருக்கய்யா தெரியும்? கொப்பர் செத்ததுக்குப் பூட்டினீர். கொம்மா செத்ததுக்குப் பூட்டினீர். மகள் பிறந்ததுக்குப் பூட்டேல்லையே!”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்று, எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள்.

அதற்குள் சனம் வரத் தொடங்கிவிட்டது. லிங்கநகரில் இருந்து சொந்தக்காரப் பெண்கள், துறைமுகத்தடிக் கடைக்காரர்கள், கிண்ணியாவில் இருந்து என் பழைய வாடிக்கையாளரான முஸ்லிம் நானா ஒருவர். “கடையில துணியைக் கண்டன் அண்ணன், ஆர் மௌத்து?” என்று கேட்டுக்கொண்டே அவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒருவரும் சாகவில்லை என்று விளங்கப்படுத்தினேன். விளங்கிய பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பவும் முடியாது. மகள் குசினியில் தாயோடு கடைசிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருக்க, நான் முற்றத்தில் யாரும் சாகாத செத்தவீட்டுக்குத் தேத்தண்ணி பரிமாறிக்கொண்டிருந்தேன்.

வான் வந்தது. நான் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து அதில் ஏறக் கால் வைத்தபோது மனைவி மறித்தாள்.

“இஞ்சேருங்கோ, எங்க ஏறுறியள்? இவ்வளவு சனத்தையும் முத்தத்தில விட்டிட்டு வீட்டுக்காரன் போறதே? அம்மாவால ஏலாது. தம்பி வாறான் எங்களோட. நீங்கள் நில்லுங்கோ.”

மச்சான் ஏற்கனவே சப்பாத்துப் போட்டிருந்தான். அவன் எதற்கும் ஆயத்தமான ஆள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கதிரைகளையும் செயலாளரையும் கடலில் தள்ளிவிட்டு ஏறியிருப்பேன். இப்போது அப்படி எழுதுவது சுகமாக இருக்கிறது. அவள் சொன்னது வேறு.

“பரவாயில்லை அப்பா. அடுத்தமுறை நான் வரேக்க கடையைப் பூட்டாதேங்கோ. திறந்து வையுங்கோ, நான் அங்க வந்து உங்களோட கதைக்கிறன்.”

“அந்தக் கதை?”

“இருக்கட்டும்.”

வான் புறப்பட்டபோது லிங்கநகர்ப் பெண்கள் அழுதார்கள். அழுவதற்கென்றே வெளிக்கிட்டு வந்தவர்கள். கொண்டுவந்த கண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோக அவர்களுக்கு மனமில்லை. மிகவும் நேர்த்தியாக அழுதார்கள். அந்தச் சத்தத்தில் என்னுடையதை ஒருவரும் கவனிக்கவில்லை. கூட்டத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

பின்னேரம் கதிரைகள் லான்ட்மாஸ்டரில் ஏறின. நானா மட்டும் போகாமல் நின்றார்.

“அண்ணன், குறை நினைக்காதீங்க. ஒருத்தரும் மௌத்தில்லதானே. என்ட என்ஜின் கொஞ்சம் அடைக்குது. கடையத் திறப்பமா?”

மனைவி ஏசுவாள் என்று சொல்லலாமென்று பார்த்தேன். மனைவி வானில் போய்விட்டாள். மகள் இருக்கிறாள் என்று சொல்லவும் வழியில்லை. கடைத் திறப்புக்கொத்தை எடுத்தேன்.

என்ஜினின் வருத்தம் பெரிதில்லை, எண்ணெயில் தண்ணி. எண்ணெயை வடித்து, புதிதாக ஊற்றி, கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது. கடை முழுக்கப் புகையும் இரைச்சலும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள்.

“என்ன அப்பா, செத்தவீடு முடிஞ்சுதே?”

“ஓம் மகள்.”

“செத்தது ஆரெண்டு கண்டுபிடிச்சாச்சே?”

“இன்னும் தேடுறம்.”

அவள் சிரித்தாள். “மாமா நித்திரை. நான் யன்னல் பக்கம் இருக்கிறன். அந்தக் கதையைப் போனிலயாவது சொல்லுவம் எண்டு பார்த்தன்...” என்று தொடங்கி நிறுத்தினாள். “அப்பா, அதென்ன சத்தம்? கடையிலயே நிக்கிறியள்?”

“இந்தா நிப்பாட்டுறன் மகள், நீ சொல்லு” என்று கத்திக்கொண்டு, கறுத்த விரலால் சுவிட்சைத் தேடி என்ஜினை நிறுத்தினேன். கடை அமைதியானது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அவள் வைத்துவிட்டாள் என்பதை நானாதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்.