றம்ஸியா மேடத்தின் சஹன்

எங்கள் பாடசாலை அதிபர் றம்ஸியாவுக்குச் சொன்னால் கேட்கிற பழக்கம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூதூரில் ஒரே பாடசாலையில் படிப்பித்தவர்கள் நானும் அவளும். ஒருத்தியின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து மற்றவள் முட்டையைக் களவெடுத்துத் தின்ற கூட்டாளிகள். அவள் அதிபரானதும் அதெல்லாம் போயிற்று. நாங்கள் அவளை ஒதுக்கவில்லை. அவளுக்குத்தான் உட்கார நேரமில்லை.

காலையில் கேற்றைத் திறப்பது அவள். கழிவறையில் தண்ணீர் வராவிட்டால் வாளி தூக்குவது அவள். புதிதாக வந்த பஹ்மியா ரீச்சர் வகுப்பைச் சமாளிக்க முடியாமல் அழுதபோது, பக்கத்தில் இருந்து பாடம் தயாரித்துக் கொடுத்ததும் அவள்தான். தலைமை என்றால் ஊழியம் என்பாள். ஊழியம் சரி, நீயும் மனிசிதானே என்று கத்துவேன். சிரித்துவிட்டுப் போவாள்.

விருந்துகளில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கம் விருந்தென்றால் சஹன்தான். பெரிய தாம்பாளத்தில் சோறு, சுற்றிவர ஆறு பேர், எல்லார் கையும் ஒரே தட்டில். அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. இறைச்சிச் சட்டியோடு சஹன் சஹனாகத் திரிவாள். எல்லாரும் எழும்பிய பிறகு, குசினிக்குள், அடுப்புப் பக்கத்தில், ஒரு கோப்பையில் தனியாகச் சாப்பிடுவாள். வீட்டிலும் தனிதான். கணவர் நோயில் மௌத்தாகிவிட்டார், மகள் கட்டாரில்.

ஓய்வு பெறுகிற கிழமை எனக்குப் போன் எடுத்தாள். "சுஹைரா, பிரியாவிடை அண்டைக்கு நானும் ஒரு சஹன்ல இருக்கப்போறன், உங்க எல்லாரோடயும்." போனை வைக்கப்போனவள் திரும்பச் சொன்னாள்: "ஊட்டுல தனியத் தின்டு தின்டு சோறு இறங்குதில்ல புள்ள."

 இடம் பிடித்து வைக்கிறேன் என்றேன்.

பிரியாவிடை அன்று பெண்களுக்கு ஒரு வகுப்பறையில் பாய் விரித்திருந்தார்கள். நான் போவதற்குள் இளம் ரீச்சர்மார் அவளை நடுவில் இருத்திவிட்டார்கள். முன்னால் ஒரு முழுச் சஹன். அவளுக்கு மட்டும். மரியாதையாம்! பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

"வாங்களன், இரிங்க," என்றாள்.

பஹ்மியா கறிச் சட்டியோடு நின்றாள். "நீங்க தின்னுங்க மேடம். நாங்க கடைசியாத்தான் சாப்பிடுவம். நீங்க காட்டித் தந்ததத்தானே செய்யிறம்."

நான் போய் எதிரே இருந்தேன். "ஏன் புள்ள ஒருத்தரும் வாறாங்க இல்ல?" என்று மெல்லக் கேட்டாள்.

"பரிமாறப் படிப்பிச்சாய். பக்கத்தில இருக்கப் படிப்பிச்சியா?"

கோபத்தில் சொல்லிவிட்டேன்.  அவள் பஹ்மியாவின் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "எனக்குத் தனியத் தின்ன ஏலாது மகள். என்னோட இரிங்க."

தனக்கென்று அவள் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பஹ்மியா இருந்தாள். மற்றவர்கள் வெட்கத்திலோ என்னவோ, சட்டிகளோடு அப்படியே நின்றார்கள். அவர்களுக்கும் இதைப் படிப்பிக்கலாமென்றால், அடுத்த நாள் தொடக்கம் அவளுக்குப் பாடசாலை இல்லை.