ஆறாம் நம்பர் தோட்டா

காலை ஐந்து ஐம்பது. வரப்பில் குந்தியிருந்த நான் முதலில் பார்த்தது, பனிக்குள் மினுங்கிய ஒரு செல்போன் வெளிச்சம். நாற்றங்காலுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், தகரம் அடித்த மோட்டார் கொட்டகை இருக்கிறது. சேதராப்பட்டு கம்பெனிக்குப் போகும் வேன் அதன் பின்னால் ரோட்டில் வந்து நிற்கும். சித்தப்பாவின் பக்கத்து வீட்டு மருமகள் முதல் ஷிப்டுக்கு அங்கேதான் காத்திருப்பாள். வெளிச்சம் அணைந்தது. பிறகு கொட்டகையும் தெரியவில்லை.

"சித்தப்பா, கொட்டாயில ஆளு இருக்குது."

"இருக்கட்டும்டா. இது ஆறாம் நம்பரு. அங்க போயி சேராது. சேந்தாலும் அட்சத போட்ட மாதிரி வுழும்."

அவர் மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி. கரும்பைப் பன்றி அழிக்கிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்காக எடுத்த லைசென்ஸ். நாற்றைப் பிடுங்கிப் போடும் நீலக் கானாங்கோழிக்கு அது செல்லாது. சுட்டால் வழக்கு. அப்படிப் பிடிபட்டவர்களைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். அவர் அதைப் படித்துமிருக்கிறார்.

ஆனால் அன்று என்னைப் பயமுறுத்தியது வழக்கு அல்ல.

கார்த்திகைப் புயலில் அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தோட்டாப் பெட்டிகள் ஊறிக் கரைந்தன. அட்டைக் குழல்களின் மேல் அச்சிட்டிருந்த எண்கள் அழிந்துபோயின. காயவைத்த பிறகு எல்லாம் ஒரே நிறம், ஒரே நீளம். தோட்டாவில் எண் ஏற ஏற உள்ளே இருக்கும் ஈய ரவை சிறுக்கும். எட்டாம் எண்ணில் கடுகு போல இருக்கும், புறாவுக்கு, காடைக்கு. ஆறில் கம்பு அளவு, கானாங்கோழிக்கு அதுதான். பன்றிக்கு எண் இல்லை, எல்.ஜி. என்பார்கள். அதற்குள் கொண்டைக்கடலை பருமனில் ஆறே ஆறு ஈய உருண்டைகள். ஆறாம் நம்பர் ரவை நாற்பது கெஜத்தில் ஓய்ந்துபோகும். எல்.ஜி. உருண்டை எங்கே போய் நிற்கும் என்று சுட்டவனுக்கே தெரியாது.

முந்தின நாள் மாலை சித்தப்பா அவற்றை முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பிரித்தார். கடகடவென்றால் பன்றிக்கு. சலசலத்தாலோ சத்தமே இல்லாவிட்டாலோ பறவைக்கு.

"மல்லாட்டயா இன்னா அது, குலுக்கிப் பாக்கறதுக்கு?" என்றாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த சித்தி.

"மல்லாட்டய குலுக்குனா பருப்பு தெரியும். இதக் குலுக்குனா ரவ தெரியும்."

"தூக்கிப் போட்டுட்டு புதுசா வாங்கியாந்தா கையி தேஞ்சிடுமா?"

"பழசு இன்னா ஆச்சின்னு தோட்டாக் கடக்காரன் கணக்கு கேப்பான். நீ வந்து பதில் சொல்றியா?"

சத்தமே இல்லாதவற்றில் இரண்டை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவைதாம் இப்போது குழல்களில் இருந்தன.

நாற்றுக்குள் ஏதோ அசைந்தது. நீல நிறத்தில் ஒரு கோழி எழும்பி, கால்களைத் தொங்கவிட்டபடி, தாழ்வாகக் கொட்டகைப் பக்கம் பறந்தது. நான் "வேணாம்" என்றேன். அதற்குள் வெடித்துவிட்டது.

கோழி விழவில்லை. வெடிச் சத்தம் அடங்குவதற்குள் பனிக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது. தகரத்தில் சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்த மாதிரி.

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை மடக்கி, சுடாத தோட்டாவை உருவிக் காதருகே குலுக்கினார். சத்தம் இல்லை. நான் அதை வாங்கிப் பேனாக்கத்தியால் முனையைப் பிரித்தேன். ஊறி உப்பிய அட்டை உள்ளே இருந்ததை அசையவிடாமல் பிடித்திருந்தது. கத்தியால் நெம்பியதும் என் உள்ளங்கையில் கொண்டைக்கடலை பருமனில் உருண்டைகள் விழுந்தன.

"அந்தப் பொண்ண கூப்புட்றா," என்றார்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். நாற்றங்காலை மிதித்துக்கொண்டே ஓடினோம். சேறு செருப்பைப் பிடித்துக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். கொட்டகை பனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டது. முதலில் கூரை, பிறகு சுவர். தரையில் ஏதாவது கிடக்கிறதா என்றுதான் என் கண் தேடியது. கீழே ஒரு சோற்றுப் பை மட்டும் இருந்தது. அருகில் யாரும் இல்லை.

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அவள் ரோட்டோரம் நின்று வேன் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் இயர்போன். என்னைப் பார்த்ததும் ஒன்றைக் கழற்றினாள்.

"இன்னாணா, செருப்பு கூட இல்லாம? மாமா கோழி அடிச்சாரா?"

"இல்ல."

"அவரு அடிச்சி என்னைக்கி வுழுந்திருக்குது? தகரத்துல யாரோ கல்லால அடிச்சாங்க, பசங்கன்னு நெனச்சேன். அந்தப் பைய கொஞ்சம் எடுத்தாணா, வேன் வந்துடுச்சு."

பையை எடுத்துக் கொடுத்தேன். வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

திரும்பி வந்தபோது சித்தப்பா அதே இடத்தில், சோற்றுப் பை கிடந்த இடத்துக்கு நேராக, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். தகரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, விளிம்பு உள்பக்கம் மடங்கியிருந்தது. அருகில் போய் நின்று பார்த்தேன். ஓட்டை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவள் என்னைவிட ஒரு சாண் குட்டை.