தண்ணீர் வண்டிக்கு அடியில் ஓர் அச்சு

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் என் பழைய ஜீப்பின் மீது விசாரணை நடந்தது. குற்றம் – நின்றுகொண்டிருத்தல்.

உண்மையைச் சொன்னால், அது நின்றுகொண்டிருக்கவும் இல்லை. பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கிரானைட் துண்டுகளை அடியில் கொடுத்து உட்கார வைத்திருந்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேறெதற்குப் பஞ்சம் வந்தாலும் கிரானைட் துண்டுக்கு வராது.

தளி ஊருக்கு அப்பால் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே போகும் வழியைச் சாலை என்று ஒருவர் சொன்னால், அவர் அதில் போனதில்லை என்று பொருள். மழை பெய்துவிட்டால் மண் குழையும், பாறை வழுக்கும்... நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டி மட்டுமே மேலே ஏறும். என் ஜீப் ஏறும். ஏறிக்கொண்டும் இருந்தது. ஒரு நாள் பாறையில் மோதிப் பின் அச்சு உடைந்தது. அச்சின் நடுவே குடம் போலப் புடைத்திருக்கும் பகுதி பிளந்து, உள்ளேயிருந்த பல்சக்கரங்கள் நொறுங்கின. டிராக்டர் ஒன்று கட்டி இழுத்து வந்து வீட்டில் சேர்த்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சீனிவாசன். தென்மாவட்டத்துக்காரர். எங்கள் ஓசூரிலேயே வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். நேர்மையானவர். வீட்டில் தோசையையும் அளந்து பார்த்துத்தான் வாங்குவார் என்று அவருடைய மனைவியே சொல்லியிருக்கிறார்.

“மேடம், ரூல் சிம்பிள். ஓடுற வண்டிக்குத்தான் பார்க்கிங். உங்களது வண்டி இல்ல, சிலை.”

கூட்டம் சிரித்தது.

“ரிப்பேர்ல இருக்கு சார். பார்ட் கிடைச்சதும் ஓடும்.”

“பார்ட் எப்பக் கிடைக்கும்?”

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

“பேசாம ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க மேடம். எங்க கம்பெனி பார்ட் போட்ட வண்டியாப் பாத்து நானே சொல்றேன்.”

கூட்டம் மறுபடியும் சிரித்தது. முதல் சிரிப்பை நான் மன்னித்திருந்தேன். இரண்டாவதை மன்னிக்க இயலவில்லை. எழுந்து நின்றேன்.

“அடுத்த மாசப் பொதுக்குழு அன்னைக்கு இந்த வண்டி தன் சொந்த பலத்துல கேட்டைத் தாண்டும். தாண்டலைன்னா நானே ஸ்கிராப்புக்குக் குடுத்துடறேன்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?” என்றார் சீனிவாசன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவர்கள் கவனித்துக் கேட்டது அது ஒன்றைத்தான்.

கோபத்தில் கொடுத்த வாக்கை ஆறிய பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ள ஏதாவது நாகரிகமான வழி இருக்கிறதா? இருந்தாலும் நான் அதில் போயிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

என் மெக்கானிக் மாதேஷுக்குப் பாகலூர் சாலையில் பட்டறை. வாடிக்கையாளர்களிடம் கன்னடம், வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். எஞ்சின்களிடம் அவர் பேசுவதை எந்த மொழியிலும் அச்சிட முடியாது.

“வாய வுட்டுட்டீங்களேக்கா,” என்றார். “இந்த அச்சு இப்ப எங்க கெடைக்குது?”

“ஏதாவது ஒரு அச்சை மாட்டக் கூடாதா?”

“மாட்டலாம். முன்னாடி அச்சு ஒரு கணக்குல சுத்தும், பின்னாடி அச்சு இன்னொரு கணக்குல சுத்தும். ரெண்டும் சண்டை போட்டு நடுவுல இருக்கறத ஒடச்சிடும். எங்கூட்டு மாமியா, மருமவ கணக்கா.”

ஆக, அதே வகை வேண்டும். அதே பல் எண்ணிக்கை வேண்டும். தேடக் கிளம்பினோம்.

வாகனங்களையும் வாகனங்களின் உறுப்புகளையும் இரவு பகலாகச் செய்து குவிக்கும் ஊர் இது. இங்கே ஒரு பல்சக்கரம் கிடைக்காதா என்ற நம்பிக்கையில், தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டும் நிறுவனம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த இளம் பொறியாளர் உடைந்த துண்டை அன்போடு கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பண்ணலாம் மேடம். எத்தனை ஆயிரம் வேணும்?”

“ஒண்ணு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. ஆயிரம் செய்யத் தெரிந்த ஊருக்கு ஒன்று செய்ய வழியில்லை. இதைத்தான் வளர்ச்சி என்கிறோம். நான் மறுக்கவில்லை... ஆனால் வணங்கவும் மாட்டேன்.

ஜூஜுவாடியில் கர்நாடக எல்லைக்கு அருகே பழைய இரும்புக் கிடங்கு ஒன்று. உரிமையாளர் தராசுக்குப் பக்கத்தில் அமர்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்.

“ஜீப் ஆக்ஸிலா? போன வாரம்தாம்மா ஒண்ணு கட் பண்ணி அனுப்பிச்சோம். நீங்க ஒரு ஃபோன் பண்ணியிருந்தா...”

“உங்களை எனக்குத் தெரியாதே.”

“இப்பத் தெரிஞ்சுக்கிட்டோம்ல? அடுத்த ஜீப் வந்தா சொல்றேன்.”

பழைய இரும்பு உலகத்தின் இயல்பு இது. நீங்கள் தேடும் பொருள் எப்போதும் போன வாரம் இருந்தது. அத்திப்பள்ளியில் போன வாரம் இருந்தது. பெங்களூருக் கடைகளில் போன வாரம் இருந்தது. போன வாரத்துக்குப் போக மட்டும் பேருந்து இல்லை.

கெடு நெருங்கியது. மாதேஷ் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது ஒரு நாள், கெலமங்கலம் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னால் தண்ணீர் டேங்க் ஏற்றிய, இரண்டே சக்கரம் கொண்ட இழுவை வண்டி. வேகத்தடையில் அது ஏறி இறங்கும்போது அடிப்பகுதி தெரிந்தது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக ஒரு வயிறு.

டிராக்டர் இழுத்துச் செல்லும் வண்டிக்கு வெறும் அச்சு போதும். அதற்கு எதற்கு வயிறு?

முந்திச் சென்று ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினேன். ஓட்டி வந்தவர் முனிரத்தினம்; பசுமைக் குடிலில் ரோஜா வளர்ப்பவர். முதலில் பயந்துபோனார்.

“ஏம்மா, தண்ணி வேணுமா?”

“தண்ணி வேண்டாங்க. உங்க வண்டியோட அச்சு வேணும்.”

“எப்ப?”

“இப்பவே குடுத்தாலும் சரி.”

அவர் டிராக்டரை விட்டு இறங்கி, என்னை ஒருமுறையும் தம் வண்டியின் அடியை ஒருமுறையும் பார்த்தார். “அது ஜீப்புதுதாம்மா. எங்க மாமனார் வெச்சிருந்த ஜீப்பு. அச்சு நல்லா இருந்திச்சி, தண்ணி வண்டிக்கிப் போட்டுட்டோம். அத கழட்டிக் குடுத்துட்டா என் செடிக்கி யாரு தண்ணி ஊத்தறது? நீங்களா?”

நியாயமான கேள்வி. மாதேஷை வரவழைத்தேன். இருவரும் தெலுங்கில் நெடுநேரம் பேசினார்கள். ஓரிடத்தில் என்னைச் சுட்டிக்காட்டிச் சிரித்ததும் தெரிந்தது. உடன்பாடு இதுதான்: மாதேஷின் பட்டறையில் கிடக்கும் வேன் அச்சு ஒன்றை அந்தத் தண்ணீர் வண்டிக்குப் பூட்டித் தர வேண்டும், அச்சுக்கு அச்சு. ஆனால் ஒரு வேளைகூடச் செடிகள் காயக் கூடாது. மாதேஷ் வண்டியின் அடியில் படுத்துக் கழற்ற, முனிரத்தினமும் அவர் மனைவியும் பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கிய வண்டியில் தண்ணீர் சுமந்தார்கள். நான் ரோஜாக்களுக்கு நடுவே நின்று, எல்லாருக்கும் இடைஞ்சலாக இருந்தேன்.

அந்த அச்சைக் கழுவி எடுத்து வந்து, பல் எண்ணிக்கையைச் சரிபார்த்து, உள்ளே எல்லாவற்றையும் இறுக்கி, ஸ்பிரிங் பட்டைகள் உட்காருவதற்காக அச்சில் பற்றவைத்திருந்த தகடுகளில் பட்டைகளை வைத்துப் பூட்டி முடித்தபோது... ஞாயிற்றுக்கிழமை காலை. பொதுக்குழுவுக்கு நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. கிரானைட் துண்டுகளை உருவினோம். ஜீப் நெடுநாளைக்குப் பின் தன் சக்கரங்களில் நின்றது.

கூட்டம் நாற்காலிகளை விட்டு வாகன நிறுத்தத்துக்கே வந்துவிட்டது. ஏறி அமர்ந்தேன். எஞ்சின் உறுமியது. எதிரே மதில் சுவர்; ஆகவே முதலில் பின்னோக்கி எடுக்க வேண்டும். ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன்.

ஜீப் முன்னால் பாய்ந்து, சங்கத்தின் குரோட்டன்ஸ் தொட்டியை உடைத்தது.

“மேடம், வண்டி பின்னாடி வரணும்,” என்றார் சீனிவாசன்.

“தெரியுது சார்.”

மறுபடியும் ரிவர்ஸ். மறுபடியும் முன்னால். பம்பர் சுவரைத் தொட்டது. எஞ்சினை அணைத்தேன்.

மாதேஷ் அடியில் நுழைந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை நெடுநேரம் அசையவே இல்லை. வெளியே வந்தவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார்.

“அக்கா... அச்சு தலகீழா இருக்குது.”

விஷயம் இதுதான். இழுத்துச் செல்லும் வண்டியில் அச்சின் மேல்பக்கம் எது, கீழ்பக்கம் எது என்பதற்குப் பொருளே இல்லை. எப்படிப் பூட்டினாலும் சக்கரம் உருளும். எனவே தண்ணீர் வண்டிக்கு அதைப் பொருத்தியவர், வசதிக்காகப் பட்டைத் தகடுகளை வெட்டி மறுபக்கத்தில் பற்றவைத்திருந்தார். நாங்கள் தகடுகளை நம்பிப் பூட்டினோம். அச்சு குப்புற உட்கார்ந்தது, சுழற்சி மாறியது. முன் சக்கரங்களுக்கான விசையைக் கரட்டுப் பாதையில்தான் சேர்ப்போம்; இங்கே தள்ளுவது பின் சக்கரங்கள் மட்டுமே. ரிவர்ஸ் போட்டால் வண்டி முன்னே போகும். முன்னே போவதற்கான மூன்று கியர்களில் எதைப் போட்டாலும் பின்னே போகும்.

“எண்ணெ ஊத்தற ஓட்டை கீழ இருக்கறப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்க்கா,” என்றார் மாதேஷ்.

“மூணு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். “பெங்களூர் சில்க் போர்டு டிராஃபிக்குக்கு அதுவே ஜாஸ்தி.”

மாதேஷ் என் காதருகே வந்தார். “ஒரு வாரம் டைம் கேளுங்க. தகட்ட வெட்டித் திருப்பி வெச்சிடறேன்.”

சீனிவாசனுக்கு அது கேட்டுவிட்டது. “டைம் இன்னையோட முடியுது மாதேஷ்.” பிறகு என்னிடம், மிக மென்மையாக, “கஷ்டமாத்தான் இருக்கும் மேடம். ஸ்கிராப் வண்டிக்கு நானே சொல்லிடவா?” என்றார்.

அந்த மென்மைதான் என்னைச் சுட்டது. ஒருவர் நம்மைத் தோற்கடிக்கலாம். ஆறுதல் சொல்லித் தோற்கடிக்கக் கூடாது.

“சார், நீங்க குவாலிட்டி பாக்கிறவர். கஸ்டமர் கேட்டது எல்லாம் ஒரு பீஸ்ல சரியா இருக்கு. கேட்காத ஒண்ணு உங்களுக்குப் பிடிக்கலை. ரிஜெக்ட் பண்ணுவீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பண்ண முடியாது.”

“நான் என்ன சொன்னேன்?”

“சொந்த பலத்துல கேட்டைத் தாண்டும்னீங்க.”

“மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்னு சொன்னேனா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

“சொல்லலை,” என்றார்.

முதல் கியரைப் போட்டேன். ஜீப் சாதுவாகப் பின்னால் நகர்ந்தது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒடித்து, வாசலை நோக்கி வாலைக் காட்டினேன். இரண்டாவது கியர். வாசலுக்கு ஏறும் சரிவில் முனகாமல் ஏறியது. மூன்றாவதைத் தொடவில்லை. பிடிவாதத்துக்கும் ஒரு வேகவரம்பு வேண்டும்.

காவலாளி இரண்டு கதவுகளையும் திறந்து, சல்யூட் வைக்கக் கையைத் தூக்கினார். வண்டியின் பின்புறம்தான் முதலில் வந்தது. கையை இறக்கிவிட்டு, நான் வந்து சேரும்வரை காத்திருந்து, மறுபடியும் தூக்கினார்.

சீனிவாசன் பின்தொடர்ந்து வந்து, வாசல் கோட்டருகே குனிந்து, முன் சக்கரங்கள் இரண்டும் முழுதாக வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்தார். நிமிர்ந்தார்.

“தாண்டிருச்சு.”

மாதேஷ் மட்டும் கைதட்டினார். ஒருவர் தட்டினாலும் கைதட்டல்தானே?

அந்த வாரமே தகடுகளை வெட்டித் திருப்பி வைத்தார் அவர். மழை பெய்த மறுநாள், நான்கு சக்கரங்களாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு ஜீப் நிலத்துக்கு ஏறியது. முன்னோக்கித்தான்.

நேற்று மாலை சீனிவாசன் வீட்டுக்கு வந்திருந்தார். “அடுத்த பொதுக்குழுவுல ரூலைத் திருத்தறோம் மேடம். வண்டி முன்னோக்கி ஓடணும்னு சேக்கப் போறோம். உங்க வண்டிதான் சரியாயிடுச்சே, உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதுல்ல?”

காபி கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு ஆட்சேபணை உண்டு. இன்னும் எந்த வீட்டில் யார், எந்த உடைந்த பொருளுக்காக, எந்தச் சாலையில் தேடிக்கொண்டிருக்கிறார்களோ... அவர்களும் ஒருநாள் பின்னோக்கி வர நேரலாம். தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கப் போவது நான் ஒருத்திதான் என்று தெரியும்.

தூக்குவேன்.