ஐஸில் வைத்த ரத்தம்

பஞ்சாலைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையில் இருக்கும் ரப்பர் பால் வாளியைக் கீழே வைப்பாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள், அப்புறம்தான் வாய் திறப்பாள். மலேசியாவில், ரந்தாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் அவள் வாளியைக் கீழே வைப்பதைப் பார்த்தால் வேலை வாங்கும் மண்டோரே வேறு மர நிரைப் பக்கம் நடந்துவிடுவார்.

அவள் வீட்டுச் சாவுகளை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பா காளிமுத்து சோறு இறங்காமல் போனார். முதலில் சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரும் தொண்டைக்குக் கீழே போகவில்லை. அவருடைய தங்கச்சி, பகாவ் பக்கம் வாழப்போனவள், அவளும் அப்படியே. மூன்றாவதாக பஞ்சாலையின் அண்ணன் சன்னாசி. லயத்து வீடுகளிலேயே வாட்டசாட்டமான ஆள், போகும்போது பாயோடு சுருட்டித் தூக்குகிற அளவுக்கு ஆகிவிட்டான். உணவுக்குழாயில் புற்று என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சன்னாசிக்கு ஒரே மகன், முருகையா. பஞ்சாலைக்கு ஒரே மகள், நீலாவதி. இரண்டும் தவழும்போதே முறை பேசி வைத்தது. சாகக் கிடந்த சன்னாசி, பேச்சு நின்றுபோன பிறகு, தங்கச்சி கையையும் பெண்டாட்டி மங்கம்மா கையையும் சேர்த்துப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். அது எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. புருசனும் இல்லாத பஞ்சாலைக்கு, பிறந்த வீட்டோடு இருந்த கடைசிப் பிடி அந்தக் கல்யாணம்தான்.

எண்பத்தெட்டில், அண்ணனுக்குத் திவசம் கொடுத்த கையோடு பரிசம் போட்டார்கள். அடுத்த வாரமே கோலாலம்பூரிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. ஒரே குடும்பத்தில் இத்தனை பேருக்கு ஏன் இந்த நோய் என்று ஆராய்கிறார்களாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பஞ்சாலைக்கும் முருகையாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத வீட்டு ஆட்கள் சிலரிடமும் எடுத்தார்கள். நீலாவதி சிரம்பானில் தையல் பேக்டரியில் வேலை. அவள் பஸ் வந்து சேர்வதற்குள் வேன் போய்விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சந்திரன்தான் அவளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்து, மறுநாள் அனுப்பி வைத்தார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து வேன் மறுபடியும் வந்தது. நீலாவதியை மட்டும் கூப்பிட்டது. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக்கொண்டு, வீட்டார் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டது.

அது போதாதா? அன்று சாயங்காலமே தண்ணிக்குழாயடியில் பேச்சு முளைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் இரண்டாந்தரம் எடுத்தார்கள் என்றால் என்ன அர்த்தம், அவள் ரத்தத்தில் அது இருக்கிறது. பஞ்சாலை காதில் எல்லாம் விழுந்தது. கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாளியோடு நடந்தாள். மூன்றாம் வாரம் மங்கம்மா வந்து, போட்ட பரிசச் சீலையைத் திருப்பிக் கேட்டு வாங்கித் தாளில் சுற்றிக்கொண்டாள்.

"உங்க அண்ணனுக்கு நான் கரண்டி கரண்டியா ஊத்துனவ, பஞ்சாலை. ஊத்துன கஞ்சி மூக்கு வழியா வந்ததைத் தொடச்சவ. இன்னொரு தரம் என்னால முடியாது."

"யாரு ரத்தம் அண்ணி அது? உங்க மகன் யாருக்குப் பொறந்தான்?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒரு பக்கம் இருக்கறதுக்கே ராத்தூக்கம் இல்ல. ரெண்டு பக்கமும் சேர்ந்து பொறக்கப்போற புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

அண்ணி சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை அதிகமாக எரித்தது. முருகையா வாசலில் மோட்டார் சைக்கிளின் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றான். சுத்தமாக இருந்த சீட்டு. நீலாவதி கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஞ்சாலை வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறினாள், மாறி ஏறினாள், கோலாலம்பூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். வேனில் வந்திருந்த டாக்டர் பெண் தமிழச்சிதான். உட்காரச் சொன்னதற்கு இவள் உட்காரவில்லை. என் மகள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒரே கேள்வி.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னாள். உடம்புக்குள் காவல்காரர்கள் மாதிரி அணுக்கள் இருக்கின்றன. சிலருக்குப் புற்று முளைத்தால் அவை சூழ்ந்துகொண்டு அடிக்கும், சிலருக்கு என்னவோ சும்மா இருந்துவிடும். தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி என்று பிறவியிலேயே வாங்கிவந்த அடையாளங்கள் ஒவ்வொருவர் அணுவிலும் உண்டு. காவல் விழிப்பதற்கும் தூங்குவதற்கும் அந்த அடையாளங்களோடு சம்பந்தம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறோம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. அடையாளம் இருந்தாலே நோய் வரும் என்றும் இல்லை.

அப்படியானால் எதற்கு இரண்டாந்தரம் எடுத்தீர்கள் என்று கேட்டாள் பஞ்சாலை.

"அந்த ரத்தம் ஐஸ்ல வந்துச்சும்மா. நாங்க பார்க்கறதுக்கு அணு உயிரோட இருக்கணும், குளிர்ல வைக்கவே கூடாது. எல்லாம் செத்துப்போயிருந்துச்சு. ரெண்டாந்தரம் வந்த அன்னைக்கே உங்க டிரஸ்ஸர்கிட்ட சொன்னேனே, அவர் சொல்லலையா?"

பஞ்சாலை அங்கேயே முந்தானையைச் செருகிவிட்டாள். எங்களிடம் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா, எங்கள் ரத்தம்தானே, டிரஸ்ஸர் ரத்தமா என்று கேட்டாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். முடிவு தெரிந்ததும் நானே வந்து சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் விடியலில், வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத் தோட்டமே கூடியிருந்தது. கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டு முடித்தார். டிரஸ்ஸர் சந்திரன், மருந்து கேட்பவர்களுக்காக எப்போதும்போல் ஓரத்தில் நின்றார். பஞ்சாலை வாளியைக் கீழே வைத்தாள். பேச்சு தானாக அடங்கியது.

"டிரஸ்ஸரய்யா, என் மக ரத்தத்தை எதுல வச்சீங்க?"

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். கடைசியில் சொன்னார்: தடுப்பூசி மருந்தைக் குளிரில்தானே வைக்கிறோம், ரத்தமும் கெட்டுப்போகக் கூடாதே என்று மீன் லாரிக்காரனிடம் ஐஸ் வாங்கி வைத்தேன். அதனால் கெட்டுவிட்டது. அதற்காகத்தான் மறுபடியும் எடுத்தார்கள், வேறொன்றும் இல்லை.

"கெம்போங் மீனோட சேர்த்து வச்சீங்களா, தனியாவா?" என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். சிரிப்பு கிளம்பியது. பஞ்சாலை திரும்பிப் பார்த்ததும் நின்றது.

"இது தெரிஞ்சும் என் வீட்டுக்கு வந்த சீலை திரும்பிப் போனதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. தொரை திட்டுவாருன்னு பயம். எங்களுக்கு என்ன ஆனா என்ன" என்றாள். கூட்டத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னாள்: "குழாயடியில பேசுனவங்க இதையும் அங்கேயே போய்ப் பேசுங்க."

அன்று சாயங்காலம் மங்கம்மா அதே சீலையோடு திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது. பஞ்சாலை வாங்கக் கை நீட்டிவிட்டாள். நீலாவதிதான் குறுக்கே வந்தாள்.

"வேணாம் அத்தை. நீங்க பயந்தது தப்பில்ல, மாமாவைப் பார்த்தவங்க நீங்க. ஆனா அத்தான் ஒரு வார்த்தை பேசல. மோட்டாரைத் தொடச்சிக்கிட்டு நின்னாரு."

ஊரையே எதிர்த்துப் பிடித்துக் கொண்டுவந்ததை மகள் ஒரே பேச்சில் தள்ளிவிட்டாள். பஞ்சாலைக்கு மகள் மேலும் கோபம் வந்தது. முந்தானையைச் செருகினாள். வாயைத் திறந்தாள். ஆனால் அந்தச் சுத்தமான சீட்டை அவளும்தான் பார்த்திருந்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு வருசம் கழித்து லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்த பையன் பெண் கேட்டு வந்தான். நீலாவதி தாத்தா தொடங்கி எல்லாச் சாவையும், ரத்தம் எடுத்ததையும் அவனிடம் சொன்னாள். "எங்க வீட்டுல எல்லாருக்கும் இனிப்பு நீரு, சக்கரை வியாதிலா. யோசிக்க வேண்டியது நீதான்" என்றானாம்.

கல்யாணத்துக்கு முன் பஞ்சாலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே நின்றாள். மங்கம்மா உள்ளே கூப்பிட்டதற்கு நகரவில்லை. முருகையாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தாய்மாமன் சீர் இல்லாம என் மக மணவறையில உக்காரமாட்டா. மாமன் இல்ல, மகன் நீதான் கொண்டுவரணும். மாப்பிள்ளையா வர தைரியம் வேணும். சீர் கொண்டுவர அண்ணன் ரத்தமா இருந்தாப் போதும்."

அவன் கொண்டுவந்தான். கோயிலில் எல்லோரும் பார்க்கத் தட்டை ஏந்தி வந்து நின்றான். பஞ்சாலை வாங்கி, சீலையைப் பிரித்து, மகளிடம் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். அவனைச் சாப்பிடச் சொன்னாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த டாக்டர் பெண் கடைசிவரை வரவேயில்லை. என்ன கண்டுபிடித்தார்கள், காவல் விழித்ததா தூங்கியதா, ஒரு சேதியும் இல்லை. தோட்டத்துச் சாலையில் வெள்ளை வேன் எது போனாலும் பஞ்சாலை நிரையில் நின்று வாளியைக் கீழே வைப்பாள். அது தோட்டத்து ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் போனதும் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவாள்.