துரையைக் கண்டால் இறங்க வேண்டும்

தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம் மருந்தைப் பற்றியதல்ல.

"சைக்கிள்ல போறப்ப தொரை எதிர்ல வந்தா இறங்கி ஓரமா நிக்கணும், தம்பி. தொப்பி போட்டிருந்தா கழட்டிடணும். அவரு தாண்டிப் போனப்புறம் ஏறிக்கலாம்" என்றார் பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கும் கடுதாசியும் அவர் பொறுப்பு. நான் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்த டிரஸர். ஆஸ்பத்திரி என்பது சில கட்டில்களும் ஒரு மருந்து அலமாரியும்தான். டாக்டர் எப்போதாவது டவுனிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலும் பிரசவமும் பாம்புக்கடியும் என் தலையில்.

மலாயாவில், ஜொகூரின் சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளி, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த தோட்டம் அது. தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர்தான் துரை; முப்பதுகளில் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். கங்காணி இறங்கினார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இறங்கினார், சைக்கிள் வைத்திருந்த, பாலுக்காக மரம் வெட்டுகிறவர்களும் இறங்கினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் இறங்கினேன். வயிறு எரிந்துகொண்டே இறங்கினேன்.

ஒரு நாள் தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஒரு குழந்தைக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தேன். பாதி வழியில் துரை தன் இரண்டு நாய்களோடு தோட்டத்து ரோடான சடக்கின் நடுவே நின்று, மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவதைப் பற்றி மண்டோரிடம் பேசிக்கொண்டிருந்தார். இறங்கி ஓரமாக நின்றேன். அவர் தாண்டிப் போனால்தானே நான் ஏறலாம்? அவர் தாண்டவில்லை. என்னைப் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார், திரும்பவும் கானைப் பற்றியே பேசினார். மழை பிடித்துக்கொண்டது. மண்டோர் அவருக்குக் குடை விரித்தார். நான் நனைந்தபடி நின்றேன்.

தாமதமாகப் போய்ச் சேர்ந்தும் பிள்ளை பிழைத்துக்கொண்டது. அது மாரியாத்தா புண்ணியம், துரை புண்ணியமில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் கழற்றும்போதே என் மனைவியிடம் சொன்னேன்.

"இனிமே நான் அந்தாளுக்கு எறங்க மாட்டேன்."

"எறங்காம எப்படிப் போவீங்க? பறந்தா?"

"மோட்டார் சைக்கிள் வாங்கப் போறேன்."

அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி பலம். என் கணக்கு எளிமையானது. விதி சைக்கிளைப் பற்றித்தான் பேசியது. தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் உதவி மேனேஜரான சின்னத் துரை ஒருவர்தான், அவர் யாருக்கும் இறங்கி நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் கொடுப்பதும் தோட்டமில்லை, ஜொகூர் சர்க்கார். துரையிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

செய்தி கேட்டுப் பெரிய கிராணி ஆபீஸ் படியிலேயே என்னை மடக்கினார். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க தம்பி. தொரைக்கு என்ன தோணும்?"

"நடக்க முடியாம மோட்டார் வாங்கிட்டான்னு தோணட்டும், அண்ணே."

கூலாய் டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் பழைய வண்டிகள் விற்பனைக்கு இருந்தன. தவுக்கே மூன்றைக் காட்டினார். ஒன்று பக்கத்தில் தொட்டில் மாதிரிப் பெட்டி வைத்தது. அது வேண்டாம் என்றேன். இரண்டாவது சின்ன வண்டி, சொன்ன பேச்சைக் கேட்கும், ஒரே உதையில் கிளம்பும். "இனி பாகுஸ், டிரஸர், இது நல்ல வண்டி" என்று அதன் இருக்கையைத் தட்டினார். மூன்றாவது கறுப்பு நிறத்தில் உயரமாக நின்றது. டாங்கிக்குப் பக்கத்தில் கையால் போடும் கியர். ஓட ஆரம்பித்தால் காட்டையே அதிர வைக்கும். ஆனால் நின்றுவிட்டால் அதைத் திரும்பக் கிளப்ப ஏழு ஜென்மத்துப் புண்ணியம் வேண்டும். தவுக்கேயே உதைத்து உதைத்து வேர்த்துப் போனார்.

"தா பாகுஸ்" என்று கையை உதறினார். நல்லதில்லையாம்.

எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். புத்தி உள்ளவன் சின்ன வண்டியை வாங்கியிருப்பான். நிறுத்திக் கிளப்பச் சுலபமான வண்டி என்றால் என்னை நிறுத்தச் சொல்வதும் சுலபம் என்று எனக்குப் பட்டது. கோபத்தில் வண்டி வாங்கினால் இப்படித்தான் வாங்குவோம். பின்னால் எத்தனையோ காலையில் அந்த உதைப்பான் என் கணுக்காலைப் பதம் பார்த்தபோதும் நான் வருந்தியதில்லை.

பழகுகிறவனுக்கான லைசென்ஸ் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து வாசலுக்கு வெளியே, சர்க்கார் ரோட்டில் பழகினேன். கடைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கானில் விழுந்தேன், ஒரு முறை யாருடைய மரவள்ளித் தோட்டத்திலோ போய் விழுந்தேன். ஆனாலும் சில வாரங்களில் வண்டி என் கைக்குப் பழகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளுவாங்குக்குப் பரீட்சைக்குப் போனேன்.

போலீஸ் ஸ்டேஷனை ஒட்டிய திடலில் மண்ணெண்ணெய் டின்களை வைத்து, அவற்றுக்கு நடுவே எட்டுப் போடச் சொன்னார் மலாய்க்கார இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர். நான் கை காட்டினேன், வளைந்தேன், ஒரு டின்னையும் தொடவில்லை. இன்னும் ஒரே ஒரு வளைவு. அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தலையில் தக்கைத் தொப்பியோடு, திடலைத் தாண்டி நடந்து வந்தார்.

என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. பிரேக்கை அழுத்தி, வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நின்று, என் தொப்பியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். வந்தவர் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் தன் வேலையைப் பார்க்கப் போனார். வண்டி ஒரு முறை இருமிவிட்டு அணைந்தது.

"கெனாப்பா துருன்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். ஏன் இறங்கினாய் என்று அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நான் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். பாதியில் இறங்கியவனுக்கு லைசென்ஸ் கிடையாது, பழகிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

வீடு வரும் வழியெல்லாம் என் கால்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் வந்த பழக்கமுமில்லை, சம்பளத்துக்கு வந்த பழக்கம். அதற்குள் எலும்பு வரை போய்விட்டதே என்று அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன்.

அவள் உள்ளே போய், ஊருக்குத் திரும்பிப்போன பழைய சின்னத் துரை ஒருவர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போன தக்கைத் தொப்பியை எடுத்து வந்தாள்.

"வண்டிய எடுங்க. நான்தான் தொரை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்க்கார் ரோட்டில், சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் தொப்பியும் கையில் குச்சியுமாக அவள் எனக்கு எதிரே நடந்து வந்தாள். நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். "டேய், இறங்குடா!" என்று அதட்டினாள். கல்யாணமான பிறகு அவள் என்னை டா போட்டது அன்றுதான், அதை நன்றாக அனுபவித்தே போட்டாள். முதல் தடவை கால் தரையைத் தேடியது. "பாத்தீங்களா, பாத்தீங்களா, கால் எறங்குது! திரும்பப் போங்க!" என்று துரத்தினாள். போனேன். திரும்பத் திரும்பப் போனேன். வெயில் சாய்கிற வேளையில் அவள் என் முன்சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்று கத்தியபோதும், வளைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே போனேன். தூரத்தில் போய்த் திரும்பிப் பார்த்தால், ரோட்டு நடுவில் தொப்பியைக் கழற்றி எனக்குச் சலாம் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை லைசென்ஸ் கிடைத்தது.

துரையை மறுநாள் காலையே சந்தித்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து அவர் வழக்கம்போல் நாய்களோடு நடந்து வந்தார். நான் வேகத்தைக் குறைத்து, "குட் மார்னிங், சார்" என்று உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டுப் போனேன். நெஞ்சு வண்டியை விடச் சத்தமாக அடித்தது. ஆனால் என்ன சந்தோஷம்! கித்தாக் காடே எனக்காக விலகி வழி விட்டதாகத் தோன்றியது.

மத்தியானம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்றுதான் போனேன். துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிரஸர் அவசரமாகப் போக வேண்டியவர், விதி சைக்கிளுக்குத்தான், மோட்டார் சைக்கிளுக்கு இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவுதான். டிரஸர்கள் சுலபமாகக் கிடைக்கிற காலமில்லை அது.

"ஜெயிச்சுட்டீங்க தம்பி!" என்று பெரிய கிராணி என் முதுகில் தட்டினார். நானும் ஜெயித்துவிட்டதாகவே நம்பினேன். கொஞ்ச காலம் ராஜா மாதிரித் திரிந்தேன்.

பிறகு ஒரு மழை விட்ட மாலை. மேல் டிவிசனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவில் திரும்பும்போது, முன்னால் மரம் வெட்டுகிறவர் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். பின்னால் கேரியரில் அவர் மனைவி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு. என் வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். மனைவியையும் இறக்கினார். இருவரும் சேற்றில் ஓரமாக நின்றார்கள். அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாவால் நிற்க முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆடினாள்.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். அவள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"உங்ககிட்டத்தான் ஐயா. ஆஸ்பத்திரிக்கு."

"என்கிட்ட வர்றதுக்கு, என்னைப் பார்த்து ஏன் இறங்கினீங்க?"

அவர் விழித்தார். "மோட்டாரு வருதுங்களே ஐயா" என்றார்.

அவர் செய்ததில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்குத்தான் காதெல்லாம் சுட்டது. விதியை உடைத்தேன் என்று நினைத்தேனே, விதியின் அந்தப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்! நனைந்துகொண்டு நின்ற அன்றுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து, அவரை மிதிக்கச் சொல்லி, கிளம்ப மறுத்த என் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அன்று இரவு ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நாளைக்குச் சைக்கிள்ல போறேன்" என்றேன். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். "அப்ப பெட்டியெல்லாம் கட்ட ஆரம்பிக்கிறேன்" என்றாள். பயந்து சொல்லவில்லை. உலை வைக்கிறேன் என்பது போலச் சொன்னாள்.

மறுநாள் காலை பெரட்டு கலைந்து ஜனங்கள் சடக்கில் நிறைந்திருந்த நேரம், பழைய சைக்கிளில் போனேன். துரை எதிரே வந்தார். கங்காணி இறங்கினார். மண்டோர் இறங்கினார். நான் மிதித்தேன். "குட் மார்னிங், சார்." அவர் முகம் சிவந்தது. "கெட் டவுன்!" என்று பின்னாலிருந்து கத்தினார், இரண்டாம் தடவையும் கத்தினார். நான் அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரி வரை அதே வேகத்தில் மிதித்தேன்.

சாயங்காலம் ஆபீஸில் என்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் தயாராக இருந்தது. ஆள் குறைப்பு என்று காரணம் போட்டிருந்தார்கள்.

"சார், காரணம் தப்பாக இருக்கிறது. சைக்கிளைவிட்டு இறங்காததால் என்று எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

பெரிய கிராணி தரையைப் பார்த்தார். துரை கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். எத்தனையோ பேரை எத்தனையோ வருஷமாக இறங்க வைத்த மனிதர், அந்த ஒரு வரியை எழுத முடியாமல் பேனாவை மூடிவைத்தார்.